பவர் ஸ்டியரிங்கில் ஏர் (காற்று) நிற்கிறது: மூன்று முறை எடுத்தும் நுரை அடங்கவில்லை

ஒற்றைவண்டி_சங்ககிரி | ஞாயிறு இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். சங்ககிரியில் ஒரே ஒரு லாரி வைத்து நானே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆறு சக்கர வண்டி, பதினோரு வருடம் ஆகிறது. பத்து நாளுக்கு முன்னால் வெளியூரில் ஸ்டியரிங் பிரஷர் ஹோஸ் வெடித்து ஆயில் முழுவதும் ரோட்டில் போய்விட்டது. பக்கத்தில் இருந்த பட்டறையில் புது ஹோஸ் போட்டார்கள், ஸ்டியரிங் ஆயில் டப்பா நிறைய ஆயில் ஊற்றினார்கள். "இரண்டு தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒடித்து விடுங்கள், சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

சரியாகவில்லை. காலையில் வண்டி எடுக்கும்போது நன்றாக இருக்கிறது. அரை மணி நேரம் ஓடியதும் முன்பக்கத்திலிருந்து ஊளையிடுவது போல ஒரு சத்தம் கிளம்புகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தமும் ஏறுகிறது. சந்துக்குள் மெதுவாகத் திருப்பினால் ஸ்டியரிங் விட்டு விட்டுப் பிடிக்கிறது. ஒரு கணம் இளகும், மறுகணம் கல்லாக இறுகும். நிறுத்தி டப்பா மூடியைத் திறந்தால் உள்ளே ரோஸ்மில்க் போல நுரை. இன்ஜினை அணைத்ததும் ஆயில் மேலே ஏறி மூடி வழியாக வழிகிறது.

போன புதன்கிழமை மைசூருக்குச் சவ்வரிசி ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதை ஏறினேன். இருபத்தேழு வளைவில் பாதியைக் கடந்திருப்பேன். எதிரே பஸ் இறங்குகிறது. வளைவின் நடுவில் ஸ்டியரிங் கல்லாகி நின்றுவிட்டது. இரண்டு கையும் போட்டு முழு பலத்தோடு இழுத்தேன், வந்தது. பஸ் டிரைவர் புரிந்துகொண்டு நின்று வழிவிட்டார். அவர் யாரென்று தெரியாது, கும்பிட்டுவிட்டுப் போனேன். அதற்குப் பிறகு வண்டி எடுக்கவே மனம் வரவில்லை.

மூன்று முறை நானே ஏர் எடுத்துப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு நன்றாக இருக்கிறது, மறுநாள் பழையபடி நுரை. எங்கே தவறு செய்கிறேன்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

புதுவண்டி | ஞாயிறு இரவு 9.58

அண்ணா, எங்கள் ஊரில் ஒருவர் ஸ்டியரிங் ஆயிலோடு கால் லிட்டர் பிரேக் ஆயில் கலந்தால் நுரை அடங்கும் என்று சொன்னார். முயன்று பார்க்கலாமே.

பட்டறை_நாமக்கல் | ஞாயிறு இரவு 10.15

தம்பி, அதை யாரும் செய்துவிடாதீர்கள். அவசரமாக இதை மட்டும் முதலில் எழுதுகிறேன், மீதியைக் காலையில் எழுதுகிறேன். பிரேக் ஆயில் கிளைகால் வகை. ஸ்டியரிங்கில் இருக்கும் சீல்கள் மினரல் ஆயிலுக்காகச் செய்த ரப்பர். பிரேக் ஆயில் பட்டால் அந்த ரப்பர் ஊதிப்போய், கூழாகி, ஸ்டியரிங் பாக்ஸும் பம்பும் ஒன்றாக ஒழுகத் தொடங்கும். அதே போல் ஸ்டியரிங் ஆயிலை பிரேக் டப்பாவில் ஊற்றினால் பிரேக் சீல் ஊதும். ஒன்று வண்டியைத் திருப்புவது, இன்னொன்று நிறுத்துவது. இரண்டையும் ஒருநாளும் மாற்றக் கூடாது.

சங்ககிரித் தம்பி, இப்போது டப்பாவில் என்ன ஆயில் இருக்கிறது, வண்டியின் புத்தகத்தில் என்ன ஆயில் போட்டிருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

ஒற்றைவண்டி_சங்ககிரி | ஞாயிறு இரவு 10.31

சிவப்பு ஆயில்தான் அண்ணா. புத்தகத்தில் டெக்ஸ்ரான் 2 என்று இருக்கிறது. கேனிலும் அதுதான் எழுதியிருந்தது.

பட்டறை_நாமக்கல் | திங்கள் காலை 6.20

ஆயில் சரி. இனி நிதானமாகச் சொல்கிறேன்.

ஆயிலை அழுத்தினால் சுருங்காது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பம்ப் தள்ளுகிற ஆயில், பாக்ஸுக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளி, பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம் என்ற கையைத் திருப்பி, அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் கம்பி வழியாகச் சக்கரத்தை ஒடிக்கிறது. நடுவில் காற்று புகுந்தால் அந்தத் தள்ளல் முதலில் காற்றைச் சுருக்கப் போய்விடுகிறது. அதனால்தான் விட்டு விட்டுப் பிடிக்கிறது. பம்புக்குள் இருக்கும் சின்னத் தகடுகளுக்கு ஆயில்தான் மெத்தை. நுரை அதற்கு மெத்தையாக இருக்காது. அந்த ஊளைச் சத்தம் பம்ப் தேய்கிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே ஒரு மாதம் ஓட்டினால் பம்ப் போய்விடும். தேய்ந்த இரும்புப் பொடி ஆயிலோடு போய் பாக்ஸையும் கெடுக்கும்.

ஏர் எடுக்கும் முறையை எழுதுகிறேன். நீங்கள் செய்தது எங்கே மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

லோடு இறக்கிய வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். பின்சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். முன் அச்சை ஜாக்கி போட்டுத் தூக்கி, அச்சுக்கு அடியில் கனமான ஸ்டாண்டு வைத்து இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் அடியில் போகாதீர்கள். சக்கரம் தரையில் பட்டிருந்தால் ஒவ்வொரு ஒடிப்புக்கும் பம்ப் முழு அழுத்தம் கொடுக்க வேண்டும், அந்த அழுத்தத்தில் காற்று ஆயிலோடு நுணுக்கமாகக் கலந்துவிடும். அந்தரத்தில் இருந்தால் ஆயில் சும்மா சுற்றி வரும், குமிழி மெல்ல டப்பாவுக்கு வந்து வெளியேறும்.

டப்பாவுக்கு ஆயில் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றிப் பழைய நுரை ஆயிலை ஒரு பக்கெட்டில் விடுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பினால் பாக்ஸில் இருப்பதும் வரும். டப்பாவுக்குள் ஒரு காகித ஃபில்டர் இருக்கிறது, அதை மாற்றிவிடுங்கள். டப்பாவை உள்ளே பனியன் வேஸ்ட் கொண்டு துடைக்காதீர்கள். நம் ஊரில் எல்லாப் பட்டறையிலும் திருப்பூர் வேஸ்ட்தான், கைக்கு நல்லது. ஆனால் அதன் நூல் உள்ளே போனால் வால்வில் சிக்கிக்கொள்ளும். டீசலில் கழுவி, காற்றடித்து, காயவிட்டுப் போடுங்கள்.

பிறகு ஹோஸை மாட்டி டப்பாவின் வாய் வரை புது ஆயில் ஊற்றுங்கள். இன்ஜினை ஓடவிடாதீர்கள். டீசலை அடைத்துவிட்டு, ஒருவர் இரண்டு மூன்று நொடி செல்ஃப் அடிக்க வேண்டும். ஆயில் மடமடவென்று இறங்கும். இன்னொருவர் டப்பாவை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அடி தெரிந்துவிட்டால் பம்ப் காற்றை இழுத்துவிட்டது என்று பொருள், முதலிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் இடையில் செல்ஃப் மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள். ஆயில் இறங்குவது நின்றபின் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஸ்டியரிங்கை மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்புங்கள். கோடியைத் தொட்டதும் திரும்பிவிடுங்கள். அங்கே அழுத்திப் பிடித்தால் அதிக அழுத்தத்தை விடுகிற ரிலீஃப் வால்வு திறந்து ஆயில் கொதிக்கும், ஏர் வெளியேறாது. சில பாக்ஸின் தலையில் ஏர் ஸ்க்ரூ இருக்கும். இருந்தால் அதை லேசாகத் தளர்த்தி, குமிழி இல்லாத ஆயில் வரும் வரை விட்டு இறுக்குங்கள்.

கடைசிச் சோதனைதான் முக்கியம். சக்கரத்தை நேராக வைத்து, இன்ஜின் ஓடும்போது ஆயில் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜினை அணையுங்கள். மட்டம் ஒன்று இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. அழுத்தம் போனதும் சுருங்கியிருந்த காற்று விரிந்து ஆயிலை மேலே தள்ளுகிறது. உங்களுக்கு மூடி வழியாக வழிவது அதனால்தான்.

திம்பம்_இருபத்தேழு | திங்கள் காலை 11.05

நாமக்கல் அண்ணன் சொல்வது பட்டறைக்குச் சரி. ரோட்டில் நிற்கிறவன் அச்சைத் தூக்கிக்கொண்டிருக்க முடியாது. நான் இருபத்திரண்டு வருடமாக ஓட்டுகிறேன், நான்கைந்து தடவை வழியில் ஹோஸ் மாற்றி, வண்டி மெல்ல நகரும்போதே ஒடித்து ஒடித்து ஏர் எடுத்திருக்கிறேன். வந்து சேர்ந்திருக்கிறேன்.

ஆனால் வேறு ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். திம்பம் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு, இன்ஜினையும் அணைத்துவிட்டு வருகிறவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் பம்ப் நின்றது, ஏர் கம்ப்ரஸரும் நின்றது. டாங்கில் இருக்கிற காற்று தீரும் வரைதான் பிரேக். ஸ்டியரிங் திரும்பும், ஆனால் லோடு வண்டியைக் கொண்டை ஊசி வளைவில் அந்த இறுக்கத்தோடு திருப்ப முடியாது. தம்பிக்கு ஏறும்போது நடந்தது இறங்கும்போது நடந்திருந்தால் நாம் இப்படிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். தம்பி, சரியாகும் வரை மலைப்பக்கம் லோடு எடுக்காதீர்கள். இரண்டு நடை போனால் போகட்டும்.

பட்டறை_நாமக்கல் | திங்கள் மதியம் 1.10

இறக்கத்தைப் பற்றிச் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நகரும் வண்டியில் ஏர் எடுத்தால் வீடு வந்து சேரலாம், வேலை முடிந்ததாகாது. நீங்களும் வீடு வந்தபின் பட்டறையில் இன்னொரு முறை எடுத்திருப்பீர்கள்.

திம்பம்_இருபத்தேழு | திங்கள் மதியம் 1.34

எடுத்தேன். அது உண்மைதான் அண்ணா.

ரிக்_செங்கோடு | திங்கள் மாலை 4.50

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருக்கிறோம். ஹைட்ராலிக் எங்களுக்குத் தினமும் சாப்பாடு மாதிரி. இரண்டு விஷயம் கேட்கிறேன்.

ஆயில் வெளியே எங்கும் சொட்டாமல் டப்பாவில் மட்டும் குறைகிறதா? உங்கள் பம்ப் இன்ஜின் கியரில் ஓடுகிற வகை என்றால், பம்ப் சாஃப்ட் சீல் போனால் ஸ்டியரிங் ஆயில் இன்ஜினுக்குள் போய்விடும். இன்ஜின் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள், மட்டம் தானாக ஏறியிருந்தால் சீல்தான்.

அடுத்தது, அந்த ரோஸ்மில்க் ஆயிலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் தெளிந்து சிவப்பாக இருந்தால் அதில் இருந்தது காற்று. தெளியாமல் வெளுப்பாகவே இருந்தால் தண்ணீர். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது மூடி வழியாகத் தண்ணீர் போயிருக்கும்.

ஒற்றைவண்டி_சங்ககிரி | செவ்வாய் காலை 7.15

எல்லோருக்கும் நன்றி. இன்ஜின் ஆயில் மட்டம் ஏறவில்லை. பாட்டிலில் வைத்தது காலையில் கண்ணாடி மாதிரி தெளிந்துவிட்டது, அடியில் தண்ணீர் இல்லை. ஆக, காற்றுதான்.

நாமக்கல் அண்ணன் சொன்னபடி நேற்று மாலை அச்சைத் தூக்கி எல்லாம் செய்தேன். முன்பு நான் செய்த தவறு புரிந்தது. எடுத்தவுடன் இன்ஜினை ஓடவிட்டு, டப்பா காலியான பிறகு ஊற்றியிருக்கிறேன். நேற்று சரியாகச் செய்தேன். இரவு எட்டு மணிக்கு மட்டம் ஏறவே இல்லை, சத்தமும் இல்லை. மிகவும் சந்தோஷப்பட்டேன்.

இன்று விடியற்காலை எடப்பாடி வரை வெறும் வண்டியாக ஓட்டிப் பார்த்தேன். போகும்போது நன்றாக இருந்தது. வரும்போது மறுபடியும் சத்தம். இப்போது மூடியைத் திறந்தால் நுரை. எடுத்த ஏர் மறுபடியும் எங்கிருந்து வருகிறது?

கூடுதுறை | செவ்வாய் காலை 8.02

வணக்கம். பவானிக்காரன், கொச்சியில் படகு ரிப்பேர் யார்டில் வேலை. லாரி எனக்குத் தெரியாது, ஆனால் உங்கள் கடைசி வரியைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நாங்கள் பார்ப்பது அவுட்போர்டு மோட்டார் படகு. அதிலும் ஹைட்ராலிக் ஸ்டியரிங் உண்டு. ஆனால் இன்ஜின் ஓட்டுகிற பம்ப் இல்லை. ஸ்டியரிங் சக்கரத்துக்குப் பின்னாலேயே ஒரு கைப் பம்ப் இருக்கும். அங்கிருந்து இரண்டு ஹோஸ் படகின் பின்பக்கம் போய், மோட்டாருக்கு முன்னால் இருக்கும் சிலிண்டரின் இரண்டு முனையிலும் சேரும். வலது பக்கம் திருப்பினால் ஒரு ஹோஸில் ஆயில் போகும், மறு ஹோஸில் திரும்பி வரும். அவ்வளவுதான். ஆயிலைச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பம்பின் வாயிலேயே ஊற்ற வேண்டும். ஆயில் பாட்டிலை ஒரு குழாயோடு தலைகீழாக மாட்டிவிடுவோம், அதுவே மேல் டப்பா. பாட்டில் காலியாகும் முன் அடுத்த பாட்டிலை மாட்டிவிட வேண்டும், உங்கள் டப்பா கதைதான். சிலிண்டரின் இரண்டு முனையிலும் ஏர் நிப்பிள் உண்டு. ஒரு கோடி வரை திருப்பி, அந்தப் பக்க நிப்பிளில் குழாய் மாட்டித் திறந்து, சிலிண்டர் நகராமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்புவார். முதலில் கொப்பளித்துக்கொண்டு வரும், பிறகு குமிழி இல்லாமல் ஒரே சீராக வரும். மூடிவிட்டு மறுபக்கமும் அப்படியே. ஆயிலும் படகு ஸ்டியரிங் தயாரிப்பாளர் சொல்கிற தனி மினரல் ஆயில்தான், லாரியில் போடுகிற சிவப்பு ஆயில் இல்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், படகில் ஏர் எடுத்தபின் மறுபடி ஏர் வந்தால் ஆயில் எங்கோ ஒழுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். சிலிண்டர் சாஃப்டில் ஈரம், இல்லையென்றால் பம்புக்கு முன்னால் ஈரம். பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். உங்கள் வண்டியில் அப்படி இல்லை. டப்பாவிலிருந்து பம்புக்கு ஆயில் இழுக்கிற ஹோஸ் ஒன்று இருக்குமே, இன்ஜின் ஓடும்போது அதற்குள் அழுத்தம் இருக்காது, உறிஞ்சல்தான் இருக்கும். அந்த ஹோஸில் ஊசிக்கண் அளவு ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். நின்றிருக்கும்போதும் சொட்டாது, ஓடும்போதும் சொட்டாது. படகு டீசல் இன்ஜினில் டீசல் லைனில் இதே தொல்லையை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ரிக்_செங்கோடு | செவ்வாய் காலை 8.20

பவானி அண்ணன் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். ரிக்கில் நாங்கள் அதைக் கண்டுபிடிக்கும் முறை இது. இன்ஜினை ஓடவிட்டு, சத்தம் வரும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கை கெட்டி கிரீஸ் எடுத்து, உறிஞ்சு ஹோஸின் ஒரு முனையில் கிளிப்பைச் சுற்றி இடைவெளியில்லாமல் அப்புங்கள். ஒரு நிமிடம் பொறுத்துச் சத்தத்தைக் கேளுங்கள். மாறவில்லை என்றால் மறுமுனை. பிறகு பம்பின் மூட்டு. எங்கே அப்பியதும் சத்தம் குறைகிறதோ அங்கேதான் ஓட்டை, ஏனென்றால் காற்றுக்குப் பதிலாகக் கிரீஸ் போய் அடைத்துக்கொள்கிறது. ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் கவனமாகச் செய்யுங்கள், துண்டைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

பட்டறை_நாமக்கல் | செவ்வாய் காலை 9.00

இதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். ஏர் எடுப்பதைப் பற்றி அவ்வளவு எழுதினேன், ஏர் வருகிற வழியைக் கேட்காமல் விட்டேன். தம்பி, கிரீஸ் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒற்றைவண்டி_சங்ககிரி | செவ்வாய் மதியம் 12.40

கிடைத்துவிட்டது!

டப்பா முனையில் அப்பினேன், மாற்றமில்லை. பம்ப் முனையில் அப்பினேன். எண்ணி முப்பது கூட வரவில்லை, ஊளை அப்படியே அமுங்கியது. கிரீஸின் நடுவில் ஊசி குத்தியது போல ஒரு குழி விழுந்து, மெல்ல உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தேன்.

ஹோஸைக் கழற்றினேன். பதினோரு வருட ரப்பர், பனைமட்டை போல விறைத்திருக்கிறது. பிரஷர் ஹோஸ் மாற்றும்போது இதை ஒதுக்கி வளைத்திருக்கிறார்கள். கிளிப்பைக் குழாயின் மேட்டுக்குப் பின்னால் வைக்காமல் மேட்டின் மேலேயே வைத்து இறுக்கியிருக்கிறார்கள். கிளிப்பின் அடியில் நகக்கீறல் போல ஒரு பிளவு. வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடத்தில் மெல்லிய ஈரமும் அதன் மேல் புழுதியும் வளையம் போலப் படிந்திருந்தது, அவ்வளவுதான். இந்தப் பத்து நாளில் அதை நான் பல தடவை துடைத்துவிட்டுப் போயிருக்கிறேன். ஒரு சொட்டு ஆயில் கூடத் தரையில் விழுந்ததில்லை.

இப்போது எந்த ஹோஸ் வாங்க வேண்டும்? இங்கே ஒரு கடையில் ரேடியேட்டர் ஹோஸ் போட்டாலே போதும் என்கிறார்கள்.

உதிரிபாகக்கடை_நாமக்கல் | செவ்வாய் மதியம் 1.05

போதாது தம்பி. பதினைந்து வருடமாகக் கடை நடத்துகிறேன், இந்தத் தவறான ஹோஸ்களால் திரும்பி வந்த வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். ரேடியேட்டர் ஹோஸ் தண்ணீருக்கான ரப்பர். ஸ்டியரிங் ஆயிலில் அது உள்பக்கமாக ஊதிச் சின்னச் சின்னத் துண்டாக உரியும். அந்தத் துண்டு பம்புக்குள் போகும். ஆயிலுக்கான ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். உறிஞ்சுகிற பக்கம் என்பதையும் சொல்லுங்கள், சுவர் மெலிந்த ஹோஸ் சூடானதும் உறிஞ்சலில் சப்பிப்போகும். அப்போதும் இதே ஊளைச் சத்தம் வரும், ஓட்டை எங்கே என்று தேடித் தேடி அலுத்துப்போவீர்கள். உள் அளவு பழையது எதுவோ அதுவே இருக்க வேண்டும். நீளம் குறையவும் கூடாது, அதிகமாகி மடங்கவும் கூடாது. பழைய கிளிப்பை மறுபடி போடாதீர்கள். புதியதைக் குழாயின் மேட்டைத் தாண்டிப் பின்னால் உட்காரவைத்து, ஹோஸ் பிதுங்காத அளவுக்கு இறுக்குங்கள்.

பிரஷர் ஹோஸின் யூனியனில், அதாவது இணைப்பில், செம்பு வாஷர் புதிதாகப் போட்டார்களா என்றும் பாருங்கள். அந்தப் பக்கம் அழுத்தம் நூறு பாரைத் தாண்டும். பழைய வாஷர் இன்றைக்கு நிற்கும், என்றைக்கு விடும் என்று சொல்ல முடியாது.

ஒற்றைவண்டி_சங்ககிரி | செவ்வாய் மதியம் 1.20

நன்றி அக்கா. வாஷர் பழையதுதான், மறுபடியும் அதையே போட்டிருக்கிறார்கள். இரண்டையும் மாற்றிவிடுகிறேன்.

ஒற்றைவண்டி_சங்ககிரி | புதன் இரவு 8.45

இன்று முழுவதும் நடந்ததை எழுதுகிறேன், இதே தொல்லை உள்ள வேறு யாருக்காவது உதவும்.

ஆயிலுக்கான ஹோஸ், இரண்டு கிளிப், செம்பு வாஷர், ஃபில்டர், நான்கு லிட்டர் ஆயில் வாங்கிவந்தேன். வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி முன் அச்சைத் தூக்கினேன். உதவிக்கு என் அய்யன் வந்தார். எழுபத்தொரு வயது. பவர் ஸ்டியரிங் இல்லாத காலத்தில் லாரி ஓட்டியவர், தோள் இன்றைக்கும் அப்படி இருக்கும். "எனக்கு இந்த ஆயில் கதை தெரியாது, நீ சொல்வதைச் செய்கிறேன்" என்று ஸ்டூல் போட்டு டப்பா பக்கத்தில் நின்றுகொண்டார்.

மட்டம் பார்க்க ஒரு தென்னை ஈர்க்குச்சியைச் சீவி, கத்தியால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கோடு போட்டுக்கொண்டேன். நான் செல்ஃப் அடிக்கிறேன், அய்யன் ஊற்றுகிறார். முதல் அடியில் ஆயில் சர்ரென்று இறங்கியதும் "நிறுத்து, நிறுத்து" என்று சத்தம் போட்டார். நிறுத்தினேன், ஊற்றினார். ஏழாவது அடிக்குப் பிறகுதான் மட்டம் அசையாமல் நின்றது. மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடித்தது.

இன்ஜினை ஐடிலில் விட்டு மெதுவாகத் திருப்பினேன். அய்யன் டார்ச் அடித்து டப்பாவுக்குள் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். முதலில் "மொச்சைக்கொட்டை அளவு வருகிறது" என்றார். ஆறேழு ஒடிப்புக்குப் பிறகு "கடுகு அளவு". அதன்பின் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நான் இறங்கிப்போய்ப் பார்த்தேன். ஆயில் தெளிந்து, டார்ச் வெளிச்சத்தில் ஃபில்டரின் மேல்மூடியில் இருந்த எழுத்து கூடத் தெரிந்தது.

இன்ஜின் ஓடும்போது குச்சியில் ஐந்தாவது கோடு. அணைத்தேன். ஐந்தரை கூட வரவில்லை. முந்தின வாரம் இதே டப்பாவில் வாயைத் தாண்டி வழிந்தது.

சாயங்காலம் எடப்பாடி வழியாகப் பூலாம்பட்டி வரை போய்வந்தேன். அங்கே காவிரியில் நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகும் விசைப்படகு கிளம்பிக்கொண்டிருந்தது. மேட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி குச்சி விட்டுப் பார்த்தேன், அதே அளவு. கூடுதுறை அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

கூடுதுறை | புதன் இரவு 9.10

படிக்கவே நிறைவாக இருக்கிறது தம்பி. அய்யனுக்கு என் வணக்கம். பழைய ஆயிலை என்ன செய்தீர்கள்? யார்டில் ஒரு சொட்டு தண்ணீரில் விழுந்தாலும் எங்களுக்கு விசாரணைதான், அதனால் கேட்கிறேன்.

ஒற்றைவண்டி_சங்ககிரி | புதன் இரவு 9.22

கேனில் பிடித்து வைத்திருக்கிறேன், கழிவு ஆயில் வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுவேன். வீட்டுக்குப் பின்னாலேயே கிணறு, மண்ணில் ஊற்ற அய்யன் விடமாட்டார்.

திம்பம்_இருபத்தேழு | வியாழன் காலை 6.30

தம்பி, இன்னும் ஒன்று. ஸ்டியரிங் இப்போது இளகியிருக்கும்போதே முன்சக்கரம் ஒடியும் அச்சாணியான கிங்பின்னையும் பார்த்துவிடுங்கள். பல வண்டியில் கிரீஸ் போகாமல் கிங்பின் காய்ந்திருக்கும், பழியை பம்ப் மேல் போட்டுவிடுவார்கள். அச்சு அந்தரத்தில் இருக்கும்போது டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் திருப்பினால் தெரிந்துவிடும். சக்கரம் இறுக்கமாக இருந்தால் குறை கிங்பின்னில். சக்கரம் இளகித் திரும்பி, ஸ்டியரிங் மட்டும் இறுகினால் பாக்ஸிலும் பம்பிலும் பார்க்க வேண்டும்.

பட்டறை_நாமக்கல் | வியாழன் காலை 7.05

நல்ல யோசனை. டிராக் லிங்க்கைத் திரும்ப மாட்டும்போது நட் கழலாமல் பிடிக்கும் பழைய காட்டர் பின்னைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது போடுங்கள். ஒரு மாதம் வாரத்துக்கு ஒருமுறை அந்தக் குச்சியை விட்டுப் பாருங்கள். பத்து நாள் நுரையில் ஓடிய பம்ப் என்பதால் கொஞ்சம் இரும்புப் பொடி விட்டிருக்கும். அந்த ஒரு மாதம் முடிந்ததும் ஃபில்டரை இன்னொரு தடவை மாற்றுங்கள்.

புதுவண்டி | வியாழன் இரவு 7.50

நான்தான் முதலில் பிரேக் ஆயில் என்று சொன்னவன், மன்னித்துவிடுங்கள். என் வண்டியிலும் இன்று உறிஞ்சு ஹோஸைப் பார்த்தேன். பம்ப் முனையில் அண்ணன் சொன்ன மாதிரியே ஈரமும் புழுதி வளையமும் இருக்கிறது. இன்னும் சத்தம் வரவில்லை. நாளை லோடு எடுக்கும் முன் மாற்றிவிடுகிறேன். அக்கா, கடை காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?

உதிரிபாகக்கடை_நாமக்கல் | வியாழன் இரவு 8.04

எட்டரைக்கு. பழைய ஹோஸைக் கழற்றிக் கையில் கொண்டுவாருங்கள், உள் அளவு பார்க்காமல் தரமாட்டேன்.